ஆஸ்பத்திரிக் கடனும் விதை வெங்காயமும்

கொக்குவிலில் குத்தகைக் காணியில் வெங்காயம் செய்யும் ஒரு குடும்பத்தை நாம் அறிவோம். 1990ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் வலிகாமம் வடக்கிலிருந்து கையில் அகப்பட்டதோடு வெளியேறியவர்கள். முகாம், உறவினர் வீடு, வாடகை வீடு என்று மாறி மாறி இருந்து, இன்று பிறருடைய செம்மண்ணில் உழைக்கிறார்கள்.

ஒரு நாள் வயோதிபத் தாய் கிணற்றடியில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். பதற்றத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மருமகளின் சங்கிலி அடகுக்குப் போனது, அதுவே முற்பணம். சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. மிகுதிக்கு மகன் ஒரு தாளில் கையெழுத்து வைத்துவிட்டுத் தாயை வீட்டுக்குக் கூட்டி வந்தார்.

இரண்டு மாதத்தின் பின் தொலைபேசி அழைப்புகள் தொடங்கின. பிறகு அயல் வீட்டுக்கும் அழைப்புப் போனது. அதன்பின் ஒருவர் மோட்டார் சைக்கிளில் தோட்டத்துக்கே வந்தார். கொட்டிலில் பிடிபிடியாகக் கட்டித் தூக்கியிருந்த விதை வெங்காயத்தைப் பார்த்து, "இதை வித்தால் காசு வரும்தானே" என்றார்.

மகன் எங்களிடம் வந்தபோது சொன்னது இதுதான்: "பாதர், குடுக்க வேண்டிய காசுதான். இல்லையெண்டு நாங்கள் சொல்லேல்லை. ஆனால் ஊருக்கெல்லாம் ஏன் சொல்லுகினம்? விதையை வித்தால் பிறகு எதை நடுறது?"

இந்த இரண்டு கேள்விகளையும் பற்றியே இக்கட்டுரை.

கடன் எங்கே பிறக்கிறது?

எமது நாட்டில் அரச வைத்தியசாலைகளில் நோயாளரிடம் அறவிடப்பட்ட கட்டணங்கள் 1951இல் நீக்கப்பட்டன. கொக்குவிலில் இருந்து சில கிலோமீற்றர் தூரத்தில் யாழ் போதனா வைத்தியசாலை இருக்கிறது. தெல்லிப்பழையில் புற்றுநோய்க்கும் அரச சிகிச்சை கிடைக்கிறது. அப்படியிருந்தும் கடன் ஏன்?

காத்திருக்கும் நாட்கள் நீளும்போதும், ஒரு பரிசோதனையை வெளியில் செய்து வரும்படி சொல்லும்போதும் மக்கள் தனியார் வாசலுக்குப் போகிறார்கள். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில், அரச வைத்தியசாலையில் படுத்திருந்தவர்களுக்கே மருந்தை வெளியில் வாங்க வேண்டி வந்ததை நாம் மறக்கவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மருத்துவமனை பெரும்பாலும் முற்பணம் வாங்கிவிடுகிறது. ஆகவே நோயினால் வந்த கடன் மருத்துவமனையின் கணக்கில் மாத்திரம் இருப்பதில்லை. அடகுக் கடையிலும், நுண்நிதிக் கம்பனியிலும், வட்டிக்குக் கொடுப்பவரின் கொப்பியிலும் அது பெயர் மாறி இருக்கிறது. வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற நுண்நிதிக் கடன்களில் ஒரு பகுதியை 2018இல் அரசாங்கம் தானே பொறுப்பேற்க வேண்டி வந்தது. வாராவாரம் படலையில் வந்து நிற்கும் அறவீட்டாளரை எங்கள் பெண்கள் நன்றாக அறிவார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

முதலாவது, கடன்பட்டவர் குற்றவாளி அல்லர். ஒப்பந்தக் கடமையை நிறைவேற்ற இயலாமை என்ற ஒரே காரணத்துக்காக எவரையும் சிறையிடக் கூடாது என்று குடியியல் அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையின் 11ஆம் உறுப்புரை கூறுகிறது. இலங்கை 1980இல் அதில் இணைந்தது. "பொலிசைக் கூட்டி வருவேன்" என்ற வார்த்தைக்கு அஞ்சி வட்டிக்கு வாங்க ஓட வேண்டாம்.

இரண்டாவது, பில் கட்டும்வரை நோயாளியைத் தடுத்து வைக்க எவருக்கும் உரிமை இல்லை. 2017இல் டில்லி உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. அத்தீர்ப்பு எம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் ஒருவரை முறைகேடாகத் தடுத்து வைப்பதும், அச்சுறுத்துவதும் எமது தண்டனைச் சட்டக்கோவையிலும் குற்றங்களே.

மூன்றாவது, வழக்குத் தீர்ப்பு இல்லாமல் எவரும் உங்கள் பொருளில் கை வைக்க முடியாது. தீர்ப்பு வந்த பின்னும் எல்லாவற்றையும் எடுக்க முடியாது. குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 218ஆம் பிரிவு சிலவற்றை விலக்கி வைக்கிறது: குடும்பத்துக்குத் தேவையான உடுப்பும் படுக்கையும், தொழிற் கருவிகளும், விவசாயியானால் அவருடைய வேளாண் கருவிகளும், அவர் பிழைப்பதற்கு அவசியம் என்று மன்று கருதும் மாடுகளும் விதை தானியமும். விதை வெங்காயமும் இதில் அடங்குமா என்பதை மன்றுதான் சொல்ல வேண்டும். மோட்டார் சைக்கிளில் வந்தவர் சொல்ல முடியாது.

நான்காவது, கடனுக்கும் காலம் உண்டு. 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, கடைக் கணக்குப் போன்ற கடனுக்கு ஒரு வருடத்துக்குள்ளும், எழுத்தில் இல்லாத உடன்பாட்டுக்கு 3 வருடத்துக்குள்ளும், எழுத்திலுள்ள உடன்பாட்டுக்கு 6 வருடத்துக்குள்ளும் வழக்கு வைக்க வேண்டும். மருத்துவமனைக் கடன் எதில் அடங்கும் என்பது நீங்கள் கையெழுத்திட்ட தாளைப் பொறுத்தது. இடையில் ஒரு பகுதிப் பணம் கட்டினாலோ, கடனை ஏற்று எழுதிக் கொடுத்தாலோ காலம் மீண்டும் முதலிலிருந்து ஓடத் தொடங்கலாம். ஏமாற்றுவதற்காக நாம் இதைச் சொல்லவில்லை. சிகிச்சை பெற்றோம், கொடுக்க வேண்டும். ஆனால் எதில் கையெழுத்து வைக்கிறோம் என்று அறிந்து வைக்க வேண்டும்.

ஐந்தாவது, சட்டம் குறித்துள்ள தொகைக்கு உட்பட்ட பிணக்குகள் நீதிமன்றத்துக்கு முன் மத்தியஸ்த சபைக்கே போக வேண்டும். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டம் இந்தச் சபைகளை அமைத்தது. அங்கே சட்டத்தரணிகள் தோன்றுவதில்லை. இரு பகுதியாரும் நேரே பேசுவார்கள். சபை தீர்ப்பைத் திணிக்காது, இணக்கத்துக்கே உதவும்.

அறவிடுவோருக்கும் ஒரு சொல்

தாதிக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், மருந்துக்குப் பணம் கட்ட வேண்டும். ஆதலால் மருத்துவமனை தன் பணத்தைக் கேட்பது அநியாயமல்ல. கேட்கும் முறையில்தான் நீதி இருக்கிறது.

அமெரிக்காவில் 1977ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று, பிறருக்காகக் கடன் அறவிடுவோர் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 9 மணிக்குப் பின்னும் தொலைபேசி எடுப்பதையும், கடனைப் பற்றி அயலவருக்குச் சொல்வதையும் தடுத்தது. அங்கே வரிவிலக்குப் பெறும் மருத்துவமனைகள், முதல் பில் அனுப்பி 120 நாட்கள் கழியுமுன் வழக்குப் போன்ற கடும் நடவடிக்கையில் இறங்கக் கூடாது. அதற்குள் அந்த நோயாளி உதவிக்குத் தகுதியானவரா என்று பார்க்க வேண்டும். இங்கும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் மருத்துவத் தகவலை விசேட வகைத் தரவாக வகுத்திருக்கிறது. ஒரு தாயின் நோயும் கடனும் வேலிக்கு அப்பால் போக வேண்டிய செய்திகள் அல்ல.

தோட்டக்காரனிடம் மாதாமாதம் காசு இராது. அறுவடைக்கு அறுவடைதான் வரும். தவணையை அதற்கேற்ப வைத்தால் பணமும் வரும், உறவும் நிற்கும்.

நாம் செய்யக்கூடியவை

சிகிச்சைக்கு முன், ஏறக்குறைய எவ்வளவு முடியும் என்று எழுத்தில் கேளுங்கள். அரச வைத்தியசாலையில் இதே சிகிச்சை எப்போது கிடைக்கும் என்றும் விசாரியுங்கள். ஒவ்வொரு செலவும் வேறு வேறாகக் காட்டிய பில்லைக் கேளுங்கள். கட்டும் காசுக்கெல்லாம் பற்றுச்சீட்டு வாங்குங்கள். யார், எப்போது தொலைபேசி எடுத்தார், என்ன சொன்னார் என்று பிள்ளைகளின் கொப்பியிலாவது எழுதி வையுங்கள். வழக்குக் கடிதம் வந்தால் ஒளித்து வைக்காமல் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே இலவச உதவி உண்டு.

இன்னொரு வழியை எம் முன்னோர் காட்டியிருக்கிறார்கள். 1930களில் மூளாயில் மக்கள் பங்குபோட்டுக் கூட்டுறவு வைத்தியசாலை ஒன்றை எழுப்பினார்கள். இன்று எங்கள் குறிச்சிகளில் மரணச் செலவுக்குச் சங்கம் இருக்கிறது. மாதச் சந்தா தவறாமல் கட்டுகிறோம். செத்த பின் தூக்கச் சேர்ந்து நிற்கும் நாம், உயிரோடு இருக்கும்போது தூக்கிவிட ஏன் சேரக் கூடாது? அதே சங்கத்தில் மருத்துவத்துக்கென ஒரு சிறு நிதி வைத்தால், அந்தரத்துக்குச் சங்கிலி கழற்ற வேண்டி வராது.

நாம் அறிந்த அந்தக் குடும்பத்துடன் மருத்துவமனைக்குப் போனோம். விபரமான பில்லைக் கேட்டோம். ஒரு கட்டணம் இரண்டு தடவை விழுந்திருந்தது. கணக்காளரே அதைக் கண்டு வெட்டிவிட்டார். மிகுதியை இரண்டு அறுவடைகளில் கட்டுவதென்று எழுதிக்கொண்டார்கள். அயல் வீட்டுக்கு அழைப்பதும் நின்றது.

அதன் பின்னர்தான் ஒன்று தெரிய வந்தது. காசாளரின் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டு, அந்தத் தாய் இரண்டு கிளினிக் நாட்களைத் தவற விட்டிருந்தார். கடன் செய்த பெரிய கேடு இதுவே. இப்போது அவர் கோலூன்றி நடக்கிறார். கொட்டிலில் தொங்கிய விதை மண்ணுக்குள் போய்விட்டது. முதல் அறுவடைக் காசில் முதல் தவணை கட்டியாயிற்று. சங்கிலி இன்னும் அடகில்தான் இருக்கிறது.