அண்ணாந்து பாராதவை

மனிதனுடைய கழுத்து ஒரு விசித்திரமான உறுப்பு. அயல்வீட்டு முற்றத்தின் பக்கம் திரும்புவதற்கு அதற்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அண்ணாந்து பார் என்றால் மட்டும் வலிக்கிறது என்கிறது. இவ்வுண்மையை எனக்கு உணர்த்தியது தத்துவ நூல் எதுவும் அன்று. வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்குச் சென்ற ஒரு பஸ் பயணமே.

நடத்துநர் ஊர்ப்பெயர்களைக் கூவிக்கொண்டு வந்தார். புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம்! கேட்கக் கேட்க, நான் ஏறியிருப்பது பஸ்ஸா, தோணியா என்ற ஐயம் உண்டாயிற்று. உடன்வந்த என் மாணவனோ மாங்குளத்தில் இறங்கி, ஒரு போத்தல் தண்ணீர் வாங்கி வந்தான்.

"இத்தனை குளங்களின் நடுவே தண்ணீருக்குக் காசா, தம்பி?" என்றேன்.

"பெயர்ச்சொல்லைக் குடிக்க முடியுமா, சேர்?" என்றான் அவன். இலக்கணம் கற்பித்த பாவத்தை அன்று அனுபவித்தேன்.

முறிகண்டியில் பஸ் நின்றது. அங்குள்ள பிள்ளையாரைக் கும்பிடாமல் அவ்வழியே செல்வோர் அரியர். ஒருபுறம் தேங்காய் உடைகிறது. மறுபுறம் கச்சான் பொட்டலம் கைமாறுகிறது. பயணிகளை இறக்குவது பக்தியா, கச்சானா என்பது பிள்ளையாருக்குத் தெரியும். அவர் சொல்லமாட்டார்; அவருக்கும் பயணிகள் வேண்டுமே!

வீதிக்குத் துணையாகப் புகையிரதப் பாதையும் வந்தது. 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி, 1990இல் வன்னியைக் கடக்க இயலாது நின்றுபோயிற்று. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. எவற்றின்மேல் ஏறிப் பயணம் செய்தோமோ, அவற்றின்கீழ் ஒளிந்திருந்தோம். ரயில் ஓடிய காலத்தில் அதன் தாமதத்தைத் திட்டிய நாங்களே, ஓடாத காலத்தில் அத்தாமதத்துக்காக ஏங்கினோம். 2013இல் அது மீண்டும் கிளிநொச்சியை அடைந்தது; மறுவருடம் யாழ்ப்பாணத்தையும் அடைந்தது. திட்டும் வழக்கமும் உடன் திரும்பிற்று. சமாதானத்தின் அடையாளம் வேறென்ன?

இனி, கிளிநொச்சி நீர்த்தாங்கியின் கதை. ஓங்கி நின்று அது ஊருக்கு நீர் கொடுத்த நாட்களில் அதனடியால் எத்தனையோ முறை சென்றிருக்கிறேன். ஒருமுறையேனும் அண்ணாந்து பார்த்ததாக நினைவில்லை. போரின் இறுதிக் காலத்தில் அது வீழ்த்தப்பட்டது. யுத்தம் 2009இல் முடிந்தபின், தெற்கிலிருந்தும் கடல் கடந்தும் மக்கள் வந்தனர். சரிந்து கிடந்த அந்தப் பெருங் கொங்கிறீட் உருவின் முன்னே நின்று படம் எடுத்தனர். நீர் சுமந்த நாளில் கிடைக்காத புகழ், ஒரு துளியும் சுமக்க இயலாத நாளில் கிடைத்தது. எங்கள் ஊரில் மனிதர்க்கும் இதுவே விதி. இரங்கற்கூட்டத்தில்தான் ஒருவருடைய உயரம் அளக்கப்படுகிறது.

வீடு திரும்பிக் குழாயைத் திறந்தேன். நீர் வந்தது. உடனே முற்றத்துக்கு ஓடி, கூரைமேல் இருந்த எங்கள் சிறு தாங்கியை முதன்முறையாக அண்ணாந்து பார்த்தேன். மூடி இல்லை. ஒரு காகம் விளிம்பில் அமர்ந்து நிதானமாக நீராடிக்கொண்டிருந்தது.

வேலிக்கு அப்பால் நின்ற அயலவரும் வானத்தைப் பார்த்தார். "என்ன மாஸ்டர், மழை வருமோ?" என்றார்.

"இல்லை ஐயா, நன்றி சொல்லப் பார்த்தேன், பிந்திவிட்டேன்" என்றேன்.