ஒருவரை அவருடனேயே ஒப்பிடல்: கரும்பு உழவர் ஆய்வின் சோதனை வடிவமைப்பு

உளவியல் ஆய்வில் இருவேறு குழுக்களை ஒப்பிடுங்கால், கல்வி, உடல்நலம், குடும்பச் சூழல் முதலிய வேறுபாடுகளும் முடிவில் கலந்துவிடுகின்றன. ஒரே பங்கேற்பாளரை இரு நிலைகளில் அளக்கும் வடிவமைப்பு இக்குறையைப் பெரிதும் களைகிறது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவ் ஆகியோர் 2013-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு இதற்குத் தக்க சான்றாகும்.

விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களைச் சேர்ந்த 464 கரும்பு உழவர்கள், பணமுடை மிக்க அறுவடைக்கு முன்னரும், பணம் கைக்கு வந்த பின்னரும் அறிவுத்திறன் தேர்வுக்கு உட்படுத்தப்பட்டனர். பின்னைய நிலையில் மதிப்பெண் உயர்ந்தது.

எனினும், முதல் தேர்வில் பெற்ற பழக்கமே இவ்வுயர்வுக்குக் காரணமாகலாம். ஆய்வகமாயின் தேர்வு நிலைகளின் வரிசையை மாற்றி இதனைச் சமன்செய்யலாம். அறுவடையை முன்பின்னாக மாற்ற இயலாது. ஆகவே, முற்சோதனையின்றி 100 உழவர்களை அறுவடைக்குப் பின் மட்டும் சோதித்தனர். அவர்களும் ஏனையோரின் இரண்டாம் தேர்வு மதிப்பெண்ணை ஒட்டியே பெற்றனர். ஆலைகள் வெட்டு உத்தரவைப் பல மாதங்களில் பகிர்ந்தளிப்பதால், பருவகால விளைவையும் பிரித்தறிய முடிந்தது.

வறியோரையும் செல்வரையும் ஒப்பிடும் ஆய்வு, குறையை வறியவரின் இயல்பாகக் காட்டிவிடக்கூடும். ஒருவரை அவருடனேயே ஒப்பிட்டமையால், பணமுடையே சிந்தனைத்திறனைக் குறைக்கிறது என வாதிட இவர்களால் இயன்றது.