உங்களுக்குத் தெரியுமா? காவல்காரனையே பிடிக்கும் வைரஸ்கள்

● எச்.ஐ.வி. கண்ட செல்லிலும் நுழைந்துவிடாது. அதன் மேலுறையில் துருத்தி நிற்கும் ஜிபி120 என்ற புரதத்துக்கு, நோய் எதிர்ப்பு செல்களில் இருக்கும் சிடி4 என்ற ஏற்பி தேவை. அதைப் பற்றியதும் ஜிபி120 உருமாறி, இரண்டாவது ஏற்பி ஒன்றையும் பிடிக்கிறது. பெரும்பாலும் அது சிசிஆர்5. சிடி4-இன் பங்கு 1984-லேயே தெரிந்துவிட்டது. சிசிஆர்5 பிடிபட 1996 ஆயிற்று.

● வட ஐரோப்பிய வம்சாவளியினரில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவருக்குத் தாய், தந்தை இருவர் வழியாகவும் குறைபட்ட சிசிஆர்5 மரபணு வருகிறது. 32 எழுத்துகள் விடுபட்ட மரபணு அது. செல்லின் மேல் சிசிஆர்5 இருக்காது, எச்.ஐ.வி.யின் பெரும்பாலான வகைகளுக்கு வழியும் இருக்காது. நம் நாட்டில் இது மிக அரிது. ரத்தப் புற்றுநோயும் எச்.ஐ.வி.யும் சேர்ந்து வாட்டிய டிமோத்தி ரே பிரவுனுக்கு, இப்படிப்பட்ட ஒருவரின் ஸ்டெம் செல்களை 2007-ல் பெர்லினில் செலுத்தினார்கள். எச்.ஐ.வி. போயே போய்விட்டது. 2020-ல் அவர் இறந்ததும் திரும்பி வந்த புற்றுநோயால்தான். எல்லோருக்கும் இதையே செய்யலாமே என்றால், முடியாது: இந்தச் சிகிச்சையே உயிருக்கு ஆபத்தானது. சிசிஆர்5-ஐ மறைக்கும் மராவிராக் மாத்திரை எவ்வளவோ மேல்.

● தலைக்குத் தண்ணீர் ஊற்றியதோடு மணல்வாரி அம்மை முடிந்துவிடுவதில்லை. அந்த வைரஸின் எச் புரதம் பற்றுவது ஸ்லாம் என்ற ஏற்பியை. பழைய நோய்களை நினைவில் வைத்திருக்கும் செல்களில் அது உண்டு. அந்த செல்களே அழிகின்றன. நெதர்லாந்தில் தடுப்பூசி போடாத 77 குழந்தைகளை ஆராய்ந்து 2019-ல் வெளியான முடிவு: மற்ற கிருமிகளுக்கு எதிராக ஏற்கெனவே இருந்த ஆன்டிபாடி வகைகளில் 11 முதல் 73 சதவீதம் வரை காணோம்! தடுப்பூசி வைரஸால் இந்த இழப்பு வருவதில்லை.

● எப்ஸ்டீன்-பார் வைரஸ் பற்றுவது, பி செல் என்ற நோய் எதிர்ப்பு செல்லின் சிடி21 ஏற்பியை. உலகில் பெரியவர்களில் பெரும்பாலானோர் உடலில் அது குடியிருக்கிறது.

● சைட்டோமெகலோ வைரஸ் பலே கில்லாடி. தொற்றிய செல்லில் எம்.எச்.சி. என்ற அடையாளப் புரதத்தைக் குறைத்துவிடும். அடையாளம் இல்லாத செல்லை என்.கே. என்ற நோய் எதிர்ப்பு செல்கள் கொன்றுவிடும் என்பதால், யூஎல்18 என்ற போலியையும் தயாரிக்கிறது. சில என்.கே. செல்களில் உள்ள எல்.ஐ.ஆர்-1 என்ற தடை ஏற்பியை, அசலைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பற்றும் போலி!

● எலிகளைத் தாக்கும் இதன் உறவுக்கார வைரஸிடமும் எம்157 என்ற போலி உண்டு. ஆனால் சில எலி இனங்களின் என்.கே. செல்களில் எல்ஒய்49எச் என்ற ஏற்பி இருக்கிறது. அந்தப் போலி தொட்டதுமே அது தாக்குதலை முடுக்கிவிடும்.