பானட்டைத் தாங்காத ஸ்ட்ரட் காலியான ஸ்ட்ரட் அல்ல

பழைய காரின் பானட் மேலே நிற்காமல் இறங்க ஆரம்பித்தால், ஆன்லைனில் ஒரு ஜோடி கேஸ் ஸ்ட்ரட் வாங்கி வீட்டு வாசலிலேயே மாட்டிவிடுகிறவர்கள் இப்போது அதிகம். பெரும்பாலான கார்களில் ஒரு தட்டை ஸ்குரூடிரைவர் போதும், அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். வேலை சுலபம் என்பதாலேயே இதில் இருக்கும் ஆபத்தை யாரும் யோசிப்பதில்லை. பானட்டைத் தாங்கவில்லையா, உள்ளே கேஸ் முழுதும் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறோம். அந்த முடிவு தவறு.

ஸ்ட்ரட்டின் உருளைக்குள் இருப்பது நைட்ரஜனும் கொஞ்சம் எண்ணெயும். மேலே 400N (நியூட்டன்) என்று அச்சிட்டிருந்தால், சுமார் 40 கிலோவைத் தூக்கும் விசை அது. உருளையிலிருந்து நீளும் தண்டு 8 மி.மீ. தடிமன் என்றால் உள்ளே ஏறக்குறைய 80 பார் அழுத்தம் இருந்தாக வேண்டும். கார் டயரில் நாம் அடிப்பது 2 பாருக்குச் சற்று மேல். நாள்பட சீல் கசிந்து விசை 250 நியூட்டனுக்கு இறங்கினால் பானட் நிற்காது. அப்போதும் உள்ளே 50 பார் மிச்சம் இருக்கும்.

வெப்பநிலையும் இதில் சேரும். வெயில் 38 டிகிரியில் இருக்கும்போது உள்ள அழுத்தம், 8 டிகிரியில் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். மதியம் சமவெளியில் ஒழுங்காக நின்ற பானட், மறுநாள் விடியற்காலை ஊட்டியில் தலைமேல் இறங்குவது இதனால்தான். ‘நேற்று நின்றதே’ என்பதை நம்பித் தலையை உள்ளே விடாதீர்கள். இரும்பு பானட் நல்ல கனம். அதன் முன்விளிம்பின் அடியில் பூட்டுக் கொக்கி நீட்டிக்கொண்டிருக்கிறது. குனிந்து வேலை பார்ப்பவரின் மண்டைக்கு நேராக வருவது அந்தக் கொக்கிதான்.

டிக்கி கதவுக்கும் இதே கதைதான். 2015-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் சுமார் 7,80,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. மின்விசையில் திறக்கும் டிக்கி கதவைத் தாங்கிய ஸ்ட்ரட்டுகளில் தூசி புகுந்து, சீல் தேய்ந்து, கதவு திடீரென விழுந்ததில் 56 பேர் காயப்பட்டிருந்தார்கள்.

கெட்டுப்போவதற்கு முன்பே தண்டு பல நேரம் அறிகுறி காட்டும். பளபளப்பான தண்டில், சீலை ஒட்டி, எண்ணெயில் தூசி படிந்து கறுப்பாக ஒரு வளையம் தெரிந்தால் கசிவு தொடங்கிவிட்டது. அந்தத் தண்டில் வைஸ்கிரிப்பைக் கவ்வி பானட்டை நிறுத்துகிறார்கள் சிலர். தண்டில் விழும் ஒரு கீறல் போதும், ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் சீலை அறுத்துவிடும்.

மாற்றும்போது, ஸ்ட்ரட்டில் கை வைப்பதற்கு முன் பானட்டுக்கு வேறு தாங்கல் இருக்க வேண்டும். இன்னொருவர் பிடித்துக்கொள்வது நல்லது. ஆள் இல்லையென்றால் நழுவாத கட்டையை முட்டுக் கொடுங்கள். ஒரு பக்கம் கழற்றி, புதியதை மாட்டிய பிறகே மறுபக்கம். பால் ஜாயின்ட்டில் இருக்கும் கிளிப்பைப் பாதி நெம்பினால் போதும், முழுதாக உருவினால் தெறித்துப் போகும். புதிய ஸ்ட்ரட்டைக் கையால் அமுக்கி மாட்ட முடியாது, பானட் முழுதாகத் திறந்த நிலையில்தான் பொருந்தும். பழையதில் தண்டு எந்தப் பக்கம் இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் கீழ்நோக்கித்தான் இருக்கும், சீல் எண்ணெயில் நனைந்திருப்பதற்காக.

விலை மலிவென்று நீளமோ நியூட்டனோ பொருந்தாததை வாங்குவதைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். மூடிய நிலையில் அரை அங்குலம் கூடுதலாக இருந்தாலும் பானட் தகடோ கீலோ வளையும். முதல் முறை மெதுவாக மூடிப் பாருங்கள். இடித்தால் அமுக்காதீர்கள். ஒரு பக்கம் மட்டும் புதிது போட்டாலும் பானட் முறுக்கிக்கொள்ளும்.

கழற்றிய ஜோடி அப்படியே காயலான் கடைக்குப் போகிறது. அங்கே அதன்மேல் கேஸ் கட்டரின் நெருப்புப் பட்டால், சூட்டில் அழுத்தம் ஏறி உருளை வெடிக்கலாம், தண்டு அம்பாகப் பாயலாம். எரியும் காரின் நேர் முன்னாலும் பின்னாலும் நிற்கக் கூடாது என்று தீயணைப்பு வீரர்களுக்குப் பயிற்சியில் சொல்லித்தருவதற்கு இதுவும் ஒரு காரணம். வீட்டில் துளை போட்டு அழுத்தத்தை இறக்கப் பார்க்காதீர்கள். பழையதில் துளையிட்டு வால்வு வைத்து மறுபடி கேஸ் ஏற்றித் தருகிறோம் என்பவரிடமும் போகாதீர்கள். பழைய ஜோடியை அழுத்தம் இறக்கத் தெரிந்த ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். காயலான் கடைக்குத்தான் போகும் என்றால், ‘உள்ளே கேஸ் இருக்கிறது, சூடு வைக்காதீங்க, வெட்டாதீங்க’ என்று பெயின்ட்டில் எழுதிக் கொடுங்கள். அதை வெட்ட உட்காரப்போகிறவருக்கு அது தெரிய வேறு வழியில்லை.