கூடிப் படித்தலும் கைப்பேசியும்

கல்லூரியிற் படிக்கும் பிள்ளை இரவு பத்து மணிக்குக் கைப்பேசியும் கையுமாக ஒரு மூலையில் அமர்ந்திருக்கும்போது, "பாடம் படிக்கிறேன்" என்று அது சொல்லும் சொல்லை முழுவதும் நம்புகிற பெற்றோர் நம்மவருள் மிகச் சிலரே. புத்தகம் இல்லை, வாய்விட்டுப் படிக்கும் ஒலி இல்லை, எதிரில் ஆசிரியரும் இல்லை. இந்தச் சிறு கண்ணாடிக்குள் என்ன படிப்பு நடக்கும் என்று நம் வீட்டுத் தாய்மார் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. ஆனால் அந்தக் கண்ணாடிக்குள் நடப்பனவெல்லாம் ஒரே தன்மையன அல்ல. பாட்டும் கூத்தும் பார்ப்பது ஒன்று. ஆசிரியரின் விரிவுரையைப் படமாகப் பார்ப்பது மற்றொன்று. இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது ஒன்றும் உண்டு. ஒரு வகுப்பு மாணாக்கர் அனைவரும் ஒரே நூலின் ஒரே பக்கத்தை அவரவர் இருக்குமிடத்திலிருந்தே கூடிப் படித்து, அப்பக்கத்தின் ஓரத்திலேயே ஒருவரையொருவர் வினவிக்கொள்வது அது. நம் குடும்பங்கள் அறிந்துகொள்ள வேண்டியது இந்த மூன்றாவதையே என்பது நம் எண்ணம்.

பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, ரயில்வே அலுவலகத்தில் சம்பளப் பட்டியலும் விடுப்புக் கணக்கும் எழுதிக்கொண்டிருக்கும் நாம், பல்கலைக்கழகப் பயிற்றுமுறையைப் பற்றிப் பேச என்ன தகுதியுடையோம் என்று அன்பர்கள் வினவலாம். தகுதி ஒன்றுமில்லை, கவலை உண்டு. நாம் வாழும் கரக்பூரில் ரயில்வே தொழிற்சாலையும் உண்டு; ஹிஜ்லிச் சிறைமுகாமாக இருந்த கட்டடத்தில் 1951-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஐ.ஐ.டி.யும் உண்டு. இரண்டிற்கும் இடையே சில மைல் தூரந்தான். ஆயினும் ரயில்வே குடியிருப்பிலிருந்து எந்தக் கல்லூரிக்குச் செல்லும் பிள்ளையும் கடக்கவேண்டிய தூரம் வேறு. வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கும் வங்காளமும், கடைத்தெருவில் ஹிந்தி, பாடப்புத்தகத்தில் ஆங்கிலம். தந்தைக்கு மாற்றல் வந்தால் பள்ளியும் மாறும், பயிற்றுமொழியும் மாறும். இவ்வாறு வளர்ந்த பிள்ளை, அறுபது பேர் அமர்ந்திருக்கும் வகுப்பில் எழுந்து ஐயம் கேட்பதில்லை. அறிவிற் குறைவில்லை, வாயெடுத்தால் பிறர் நகைப்பரோ என்னும் கூச்சம். மூன்றாண்டும் வாய் திறவாமலே பட்டம் பெற்று வெளிவந்த பிள்ளைகளை நாம் அறிவோம்.

கூடிப் படிக்கும் முறை எளியது. ஆசிரியர் கட்டுரையையோ நூற்பகுதியையோ இணையத்தில் ஏற்றிவைக்கிறார். படித்துக்கொண்டு போகும் மாணாக்கன், விளங்காத வரி வந்தால் அதனை வண்ணமிட்டு, ஓரத்தில் தன் ஐயத்தை எழுதுகிறான். பிறகு அவ்வரிக்கு வரும் மற்றொருத்தி அந்த ஐயத்தைக் காண்கிறாள். தெரிந்தால் விடை எழுதுகிறாள், தெரியாவிடில் தனக்கும் அதே ஐயம் என்று குறித்துவிட்டு மேலே செல்கிறாள். மறுநாள் வகுப்புக்கு வருமுன் ஆசிரியர் இந்த ஓரங்களைப் பார்த்துவிடுகிறார். வகுப்பு முழுவதும் எந்தப் பக்கத்தில் இடறி விழுந்ததோ அங்கிருந்தே பாடத்தைத் தொடங்குகிறார். நூலகப் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதினால் நாம் படித்த நாளில் அபராதம். இங்கே எழுதாவிட்டால்தான் மதிப்பெண் குறைகிறது!

இதற்கெனப் பல கருவிகள் உள. அவற்றுள் 'ஹைப்போதிசிஸ்' என்பது 2011-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. தனி ஒருவர் பயன்படுத்தக் கட்டணம் இல்லை. 'பெருசால்' என்பது அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து ஆசிரியர்கள் சிலர் ஆக்கியது. அது பிறந்த கதையைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும்.

ஹார்வர்டில் எரிக் மஸூர் என்பவர் 1984-ஆம் ஆண்டு முதல் பௌதிகம் கற்பித்து வந்தார். அவருடைய விரிவுரையை மாணாக்கர் புகழ்ந்தனர். தேர்வில் கடினமான கணக்குகளையும் போட்டனர். தாம் நல்லாசிரியர் என்றே அவர் நம்பியிருந்தார். சில ஆண்டுகள் சென்றபின், வேறொரு பல்கலைக்கழகத்தார் ஆக்கிய வினாத்தாள் ஒன்று அவர் கைக்கு வந்தது. அதில் சூத்திரமும் இல்லை, கணக்கும் இல்லை. பெரிய லாரியும் சிறிய காரும் மோதிக்கொண்டால் எது எதன்மேல் மிகுந்த விசை செலுத்தும் என்பது போன்ற எளிய வினாக்களே. அதைத் தம் மாணாக்கரிடம் கொடுத்தபோது ஒரு மாணவி, தாங்கள் கற்பித்தபடி விடை எழுதுவதா, நான் இயல்பாக நினைக்கிறபடி எழுதுவதா என்று கேட்டாளாம். கணக்கில் வல்லவர் பலர் இந்த எளிய வினாக்களில் தவறினர். விரிவுரை காதில் விழுந்தது, கருத்தில் இறங்கவில்லை.

அதன்பின் 1991-ஆம் ஆண்டு முதல் அவர் முறையை மாற்றினார். சற்று நேரம் பேசுவார். ஒரு வினாவை முன்வைப்பார். ஒவ்வொருவரும் தாமாகவே விடை சொல்லவேண்டும். பின்னர் பக்கத்தில் இருப்பவரோடு வாதிடவேண்டும். மீண்டும் விடை கேட்பார். சரியான விடை கொண்டவர் தொகை இரண்டாம் முறை பெருகிவிடும். ஆசிரியருக்கு விளங்காத காரணம் ஒன்று இதில் இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன் கற்றவருக்கு, கற்கும்போது எங்கே தடுக்கியது என்பது மறந்துபோகிறது. நேற்றுக் கற்ற பக்கத்து மாணாக்கனுக்கு அது நன்றாக நினைவிருக்கிறது. இம்முறையை விளக்கி மஸூர் 1997-இல் ஒரு நூலும் எழுதினார்.

ஆனால் வகுப்பில் வாதிட நேரம் வேண்டுமானால் பாடத்தை முன்னரே வீட்டில் படித்து வரவேண்டும். படித்து வருவாரில்லை. இது ஹார்வர்டுக்கு மட்டும் உரிய குறை அன்று என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? இந்தக் குறையைத் தீர்க்கவே மஸூரும் கெல்லி மில்லர், பிரையன் லுகாஃப், கேரி கிங் என்போரும் 'பெருசால்' கருவியை ஆக்கினர். தனியே படிக்கச் சலிப்பவன், தன் வினாவுக்கு யாரேனும் விடை எழுதினரா என்று பார்க்கவாவது பக்கத்தைத் திறக்கிறான். பௌதிக வகுப்பொன்றில் இதனைக் கையாண்டு இவர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மாணாக்கருள் நூற்றுக்கு 90 முதல் 95 பேர், மிகச் சிலவற்றைத் தவிர எல்லாப் பகுதிகளையும் வகுப்புக்கு முன்னரே படித்து வந்தனர்.

நம்மவர்க்கு இச்செய்தி முற்றிலும் புதியதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் தம் நன்னூற் பொதுப்பாயிரத்தில் கல்விக்கு ஒரு கணக்கே போட்டு வைத்திருக்கிறார். ஆசிரியர் சொல்வதை நன்கு கேட்டாலும் கிடைப்பது காற்பங்கு. உடன் பயில்வாரோடு பழகிப் பெறுவது மற்றொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு பிறர்க்கு எடுத்துரைப்பதால் வருவது. ஹார்வர்டு ஆசிரியர் வினாத்தாள் வைத்துக் கண்டதும் ஏறக்குறைய இதுவே.

உ. வே. சாமிநாதையர் வரலாற்றிலும் இதற்கு நல்ல சான்று உண்டு. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டுத் தேறியவர் அவர். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்த 1880-ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணி அவர் கைக்கு வந்தது. சமண சமயச் செய்திகள் அவருக்கு விளங்கவில்லை. அவ்வூரிலேயே சமண அன்பர்கள் அந்நூலைக் கூடியிருந்து படித்துக் கேட்கும் வழக்கம் உடையவராயிருந்தனர். அவர்களிடம் சென்று ஐயம் தீர்த்துக்கொண்டார். 1887-இல் நூல் அச்சேறியது. கல்லூரி ஆசிரியருக்கு, கல்லூரிக்குப் புறத்தே ஒரு வீட்டுக் கூடத்தில் நடந்த கூட்டு வாசிப்பு துணை நின்றது.

இனி நம் குடியிருப்புக்கு வருவோம். போத்தனூரிலிருந்து மாற்றலாகி வந்த அன்பர் ஒருவருடைய மகள், இம்மாநிலத்துக் கல்லூரி ஒன்றில் வரலாறு படிக்கிறாள். முதற் பருவம் முழுவதும் வகுப்பில் ஒரு சொல் பேசியதில்லை என்று அவள் தாயார் வருந்தினார். இரண்டாம் பருவத்தில் ஓர் ஆசிரியை நிலவரியைப் பற்றிய அத்தியாயம் ஒன்றைக் கூட்டு வாசிப்புக்கு வைத்தார். வங்காளத்தில் 1793-ஆம் ஆண்டு காரன்வாலிஸ் ஏற்படுத்திய ஜமீன்தாரி முறையைப் பற்றிய பகுதி அது. இடையே சென்னை மாகாணத்து ரயத்வாரி முறை ஒரே வரியில் வந்து போயிற்று. அவ்வரியின் ஓரத்தில் யாரோ, இவ்விரண்டிற்கும் உழவன் அளவில் என்ன வேறுபாடு என்று எழுதியிருந்தனர். இந்தப் பெண், தன் பாட்டனார் ஊரில் நிலத்தின் பட்டா உழவர் பெயரிலேயே இருப்பதையும், இடையில் ஜமீன்தார் இன்றி உழவரே அரசுக்குக் கிஸ்தி கட்டிய கதையைப் பாட்டனார் சொல்லக் கேட்டதையும், மன்றோ காலத்து ஏற்பாடு அது என்பதையும் ஐந்தாறு வரிகளில் எழுதினாள். இரவில் எழுதினாள், அகராதி பார்த்து எழுதினாள், இரண்டு முறை அழித்து எழுதினாள். வகுப்பறையில் இதற்கெல்லாம் ஏது அவகாசம்? மறுநாள் ஆசிரியை அக்குறிப்பிலிருந்தே பாடத்தைத் தொடங்கினாராம். வங்கப் பிள்ளைகள் அவளைச் சூழ்ந்துகொண்டு பட்டா என்பது யாது, அதை யார் கொடுப்பார் என்று கேட்டனராம். வேற்றூரிலிருந்து வந்தவள் என்பது அதுவரை அவளுக்குக் குறையாயிருந்தது. அன்று அதுவே கைப்பொருளாயிற்று.

நம் நாட்டில் இணையத்தின் வழியே கல்விப் பொருள் குவிந்து கிடக்கிறது. ஐ.ஐ.டி. விரிவுரைகளை வழங்கும் என்.பி.டி.இ.எல். 2003-இல் தொடங்கியது, 'ஸ்வயம்' 2017-இல் வந்தது, கரக்பூர் ஐ.ஐ.டி. அமைத்த தேசிய மின்னூலகம் 2018-இல் நாட்டுக்கு உரியதாக்கப்பட்டது. பல்கலைக்கழகங்கள் ஒரு பருவத்துப் பாடங்களில் நூற்றுக்கு 40 பங்கு வரை 'ஸ்வயம்' வாயிலாகப் பயில இடமளிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2021-இல் விதி செய்தது. இவையெல்லாம் பெரும்பணிகளே. ஆனால் பல கல்லூரிகளில் இவற்றின் பயன் வாட்ஸாப்பில் ஒரு பி.டி.எஃப். அனுப்புவதோடு நின்றுவிடுகிறது. 2020-இல் கொரோனா வந்து கல்லூரிகள் மூடியபோது நாம் கண்டதும் அதுவே. சரக்கு வண்டி நிலையத்தில் வந்து நின்றால் மட்டும் சரக்குக் கடைக்குப் போய்விடாது. இறக்குவதற்கு ஆள் வேண்டும் என்பது எம் போன்றார் அறிந்த செய்தி. கூடிப் படிக்க வைக்கும் ஆசிரியரே அந்த ஆள்.

குறைகளும் உள. சில கருவிகள் ஓரக்குறிப்புகளுக்குத் தாமே மதிப்பெண் இடுகின்றன. எந்திரத்துக்குப் பிடித்தமான நீளத்தில் எதையாவது எழுதிவைக்கும் பழக்கம் பிள்ளைகளுக்கு விரைவில் வந்துவிடும். அதனினும் பெரிய கேடு, 2022-ஆம் ஆண்டு இறுதியில் வெளிவந்த சாட்ஜிபிடி முதலிய செயற்கை அறிவுக் கருவிகளால் நேர்கிறது. அத்தியாயத்தை அதனிடம் கொடுத்துச் சுருக்கம் வாங்கி, வினாவையும் அதனிடமே வாங்கி, ஓரத்தில் ஒட்டிவிடலாம். அங்ஙனம் ஒட்டிய குறிப்புக்கு மற்றொருவன் அதே எந்திரத்திடம் விடை வாங்கி ஒட்டினால், படித்தவர் யார்? அறுபது மாணாக்கரும் உறங்க, எந்திரம் தன்னோடு தானே பேசிக்கொண்டிருக்கும். ஆகவே, பிள்ளை கண்ணாடியைப் பார்க்கிறதா என்று கண்காணிப்பதைவிட, "இன்று ஓரத்தில் என்ன கேட்டாய்? யார் விடை சொன்னார்?" என்று வினவுவது பயன் தரும். பாடம் நமக்கு விளங்க வேண்டுவதில்லை. தானே எழுதிய பிள்ளை சொல்லிவிடும், ஒட்டியது விழிக்கும்.

தமிழ் நூல்களையும் இவ்வாறு படிக்க விரும்பும் இளைஞர்க்கு வாய்ப்பு உண்டு. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தாரும், 2001-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தோன்றித் தமிழ் இணையக் கல்விக்கழகமாக விளங்கும் நிறுவனத்தாரும் இலக்கியங்கள் பலவற்றை விலையின்றிப் படிக்க இணையத்தில் வைத்துள்ளனர். ஐந்தாறு பேர் சேர்ந்து வாரம் ஒரு பகுதியாகத் தொடங்கலாம்.

ஒன்று மட்டும் கவனிக்க. 'ஹைப்போதிசிஸ்' கருவியில் பொது என்னும் பகுதியில் எழுதும் குறிப்பை உலகில் எவரும் படிக்கலாம். தனிக்குழு அமைத்து அதனுள் எழுதினால் குழுவினர் மட்டுமே காண்பர். வீட்டு முகவரி, தொலைபேசி எண் முதலியவற்றை ஈரிடத்தும் எழுதலாகாது. சங்க நூலகத்துக் கணினியை ஞாயிறுதோறும் மாலை 4 மணி முதல் 7 மணி வரை கல்லூரி மாணாக்கர்க்கென ஒழித்துக் கொடுக்கச் செயற்குழு இசைந்துள்ளது. ஒரே கைப்பேசியை இரண்டு மூன்று பிள்ளைகள் பகிர்ந்துகொள்ளும் வீட்டார் முதலில் பெயர் கொடுக்கலாம்.