ஆயா புல்லட்டில் ஏறுவது எப்படி?

பிள்ளைகளே, முதலில் ஒரு சோதனை. இடது தோளும் இடது பாதமும் சுவரில் ஒட்டியிருக்கும்படி நில்லுங்கள். இப்போது வலது காலைத் தூக்குங்கள். முடியவில்லை, அல்லவா?

நம் உடலின் எடை முழுவதும் ஓரிடத்தில் குவிந்திருப்பதாக எண்ணிக்கொண்டால், அந்த இடம்தான் ஈர்ப்பு மையம். ஒற்றைக் காலில் நிற்க, அது அந்தக் காலுக்கு நேர்மேலே வரவேண்டும். உடலை இடப்பக்கம் நகர்த்தினால் வந்துவிடும். சுவர் நகர விடுவதில்லை; அதனால்தான் சாய்கிறோம். எந்தப் பொருளும் தன் ஈர்ப்பு மையம் தாங்கும் இடத்துக்கு மேலே இருக்கும்வரை நிற்கும்; அதைத் தாண்டினால் விழும்.

இந்த விதியை வைத்து நம் ஊர் வண்டியைப் பார்ப்போம். இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955-இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. அதன் புல்லட் தொழிற்சாலை நம் திருவொற்றியூரில்தான் எழுந்தது. இன்றைய புல்லட் 350-இன் எடை சுமார் 195 கிலோ. அதன் இருக்கை தரையிலிருந்து 80 சென்டிமீட்டர் உயரம், ஆயாவின் இடுப்பளவு!

இவ்வளவு கனமான வண்டி தரையைத் தொடுவது இரண்டு டயர்களில் மட்டும். இரண்டு புள்ளிகளைச் சேர்த்தால் ஒரு கோடுதான் கிடைக்கும். ஓட்டுபவர் இரண்டு கால்களையும் அகல ஊன்றினால் புள்ளிகள் நான்காகும், கோடு பரப்பாகும். அந்தப் பரப்புதான் வண்டியைக் காக்கிறது.

இப்போது ஆயா இடப்பக்க ஃபுட்ரெஸ்ட்டில் ஏறி நிற்கிறார். அவர் எடை 50 கிலோ என்றால், பூமி அவரை இழுக்கும் விசை ஏறத்தாழ 500 நியூட்டன். ஃபுட்ரெஸ்ட் வண்டியின் நடுக்கோட்டிலிருந்து 25 சென்டிமீட்டர் தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். வண்டியைச் சாய்க்கும் திருப்புத்திறன், அதாவது விசையைத் தூரத்தால் பெருக்கியது, 500 × 0.25 = 125 நியூட்டன் மீட்டர். அவர் உடல் நடுக்கோட்டிலிருந்து 5 சென்டிமீட்டர் தூரத்துக்கு வந்துவிட்டால் அது 25 மட்டுமே. ஐந்தில் ஒரு பங்கு! காசிமேட்டில் படகில் ஏறுபவர்கள் விளிம்பில் நிற்காமல் நடுவுக்கு வந்துவிடுவது இதனால்தான்.

ஆகவே, ஏறுபவரின் எடை சீக்கிரம் நடுவுக்கு வரவேண்டும். அதுவரை ஓட்டுபவரின் கால்கள் உறுதியாக நிற்கவேண்டும். அப்பா ஓட்டும் வண்டியில் ஆயா ஏறும்போது நீங்கள் இப்படி உதவலாம்:

1. கண்டெய்னர் லாரிகள் போகும் சாலையில் ஏறவேண்டாம். ஓரமாக, சமதளமான இடம் பாருங்கள். தரையில் மணல் கிடந்தால் உராய்வு குறையும். அப்பாவின் கால் வழுக்கும்.

2. அப்பா சைடு ஸ்டாண்டை மடக்கி, கியரை நியூட்ரலில் போட்டு, இரு கால்களையும் ஊன்றி, வலக்கையால் முன் பிரேக்கைப் பிடிக்கட்டும். கால்கள் தரையில் இருப்பதால் பின் பிரேக்கை மிதிக்க முடியாது.

3. அப்பா "ஏறுங்க" என்று சொன்ன பிறகே ஆயா ஏறவேண்டும். எடை வரும் நேரம் தெரிந்தால்தான் அவர் கால்கள் அதைத் தாங்கத் தயாராக இருக்கும்.

4. இடப்பக்கமாகவே ஏறட்டும். பெரும்பாலான பைக்குகளில் சூடான சைலன்சர் வலப்பக்கம் இருக்கிறது. நம் நாட்டில் வண்டிகள் இடப்பக்கம் போவதால், சாலையோரமும் அந்தப் பக்கம்தான்.

5. ஆயா ஒரு கையை அப்பாவின் தோளில் வைத்து, உடலை வண்டியின் நடுப்பக்கமாகச் சாய்த்தபடி ஏறட்டும். குதிக்கக் கூடாது. உயரம் எட்டாவிட்டால் உறுதியான படியில் நின்று ஏறலாம்.

சேலை கட்டியவர் ஒருபக்கமாக உட்காரும்போது இரு கால்களும் இடப்பக்கம் தொங்கும். எடையும் அந்தப் பக்கம் கூடும். கைப்பிடியை இறுகப் பற்றவேண்டும், முந்தானையைச் செருகிக்கொள்ளவேண்டும். ஆடை சக்கரத்தில் சிக்காமல் இருக்கப் பின்சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் காப்பும், பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடியும் ஃபுட்ரெஸ்ட்டும் பைக்கில் இருக்கவேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளே சொல்கின்றன.

சட்டப்படி ஓட்டுபவருக்குப் பின்னால் ஒருவர்தான் உட்காரலாம். 4 வயதுக்கு மேற்பட்டவர்கள் ஹெல்மெட் அணியவேண்டும். அதைவிடச் சிறிய குழந்தைகளுக்கு 2023 பிப்ரவரி முதல் தனி விதி உண்டு: ஓட்டுபவருடன் இணைக்கும் பாதுகாப்புப் பட்டை வேண்டும், ஒன்பது மாதம் நிரம்பியவர்களுக்கு ஹெல்மெட்டும் வேண்டும், வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது.

கடைசியாக உங்களுக்கு ஒரு கேள்வி. போய்ச் சேர்ந்ததும் முதலில் இறங்கவேண்டியவர் யார், அப்பாவா, ஆயாவா? அப்பா இறங்கிவிட்டால் நான்கு புள்ளிகளில் எத்தனை மிஞ்சும் என்று எண்ணிப் பாருங்கள். விடை கிடைத்ததும் வீட்டில் எல்லோருக்கும் காரணத்தோடு விளக்கிச் சொல்லுங்கள்.