வணிகக் கூட்டும் விருத்தாசலத்துப் பீங்கானும்



கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றின் கரையில் அமைந்த விருத்தாசலம், பழமலைநாதர் கோயிலால் நெடுங்காலமாகப் புகழ் பெற்ற ஊர். கடந்த அரை நூற்றாண்டுக்கும் மேலாக அவ்வூருக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. அது பீங்கான் தொழில் நடைபெறும் ஊர். அருகிலுள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எடுப்பதற்காக மேலே படிந்துள்ள மண் அடுக்குகளை அகற்றும்போது வெண்களிமண் கிடைக்கிறது. அம்மண்ணின் துணையால் விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டை வளர்ந்தது. அத்தொழிலைக் கற்பிக்கும் அரசினர் கல்வி நிலையமும் அங்கே ஏற்பட்டது. பொம்மைகள், அகல் விளக்குகள், மின்சாரப் பியூஸ் கட்டைகள் முதலியவை சிறு பட்டறைகளில் உருவாகி வெளியூர்களுக்குச் செல்கின்றன.

ஒரு நாடு வணிகக் கூட்டு ஒன்றில் சேர்வதால் அல்லது அதிலிருந்து விலகுவதால் பொருளாதாரத்துக்கு என்ன நேரும் என்பது பற்றிக் கற்றறிந்தோரும் மாறுபட்டுப் பேசுகிறார்கள். இந்த மாறுபாடு ஏன் எழுகிறது என்பதை விருத்தாசலத்துப் பட்டறையை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்க விரும்புகிறேன். பெரிய வாதங்களின் பொருள் சிறிய பட்டறையில் தெளிவாகப் புலப்படும் என்பது என் எண்ணம்.

முதலில் நிகழ்ந்ததைக் கூறுகிறேன். தென்கிழக்காசிய நாடுகள் பத்தும், சீனா, ஜப்பான், தென்கொரியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இந்தியா ஆகிய ஆறும் சேர்ந்து பெரியதொரு வணிகக் கூட்டை அமைப்பதென 2012-ஆம் ஆண்டில் முடிவு செய்தன. பிராந்திய விரிவான பொருளாதாரக் கூட்டாண்மை என்பது அதன் பெயர். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ஆர்செப் என்பார்கள். ஒருவர் பொருளை மற்றவர் நாட்டில் சுங்கவரியின்றியோ குறைந்த வரியிலோ விற்கலாம் என்பதே இத்தகைய கூட்டின் சாரம். ஏழாண்டுகள் பேச்சு நடந்தது. 2019 நவம்பர் 4-ஆம் நாள் பாங்காக் நகரில், இந்தியா இதில் சேராது என்று பிரதமர் நரேந்திர மோடி அறிவித்தார். எஞ்சிய பதினைந்து நாடுகளும் 2020 நவம்பர் 15-ஆம் நாள் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டன. 2022 ஜனவரி முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது.

விலகியது சரியே என்றவர்கள் பலர். நியூசிலாந்தின் பாற்பொடி வந்து குவிந்தால் இரண்டொரு மாடு வைத்துப் பிழைக்கும் குடியானவர்கள் என்ன ஆவார்கள் என்று பால் கூட்டுறவுத் துறையினர் கேட்டனர். விவசாயிகள் சங்கங்களும் சுதேசி ஜாக்ரண் மஞ்ச் போன்ற அமைப்புகளும் எதிர்த்தன. பல விஷயங்களில் ஒத்துப்போகாத கட்சிகளும் இதில் ஒரே குரலில் பேசின. இறக்குமதி திடீரெனப் பெருகினால் வரியை மீண்டும் உயர்த்தத் தக்க காப்பு விதி வேண்டும் என்பது இந்தியாவின் கோரிக்கைகளில் ஒன்று. அது இந்தியா விரும்பிய வகையில் ஏற்கப்படவில்லை.

விலகியது தவறு என்றவர்களும் உண்டு. இன்று ஒரு பொருள் ஒரே நாட்டில் முழுமையாக உருவாவதில்லை. உறுப்புகள் பல நாடுகளில் செய்யப்பட்டு ஓரிடத்தில் ஒன்றுகூட்டப்படுகின்றன. அந்தச் சங்கிலிக்கு வெளியே நிற்பவனுக்குத் தொழிற்சாலை வந்து சேராது என்று பொருளியலறிஞர் அரவிந்த் பனகாரியா போன்றோர் வாதித்தனர். 2024-ஆம் ஆண்டில் நிதி ஆயோக்கின் தலைமை நிர்வாக அதிகாரியே இக்கூட்டில் இந்தியா சேர்ந்திருக்க வேண்டும் என்ற கருத்தை வெளியிட்டார்.

இனி நம் பட்டறைக்கு வருவோம். நான் கூறும் தொகைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. வெளிநாட்டுப் பொம்மை ஒன்று துறைமுகத்தில் 40 ரூபாய்க்கு வந்து இறங்குகிறது. சுங்கவரி நூற்றுக்கு இருபது என்றால் கடையில் அதன் அடக்கம் 48 ரூபாய். அதே பொம்மையை நம் பட்டறை 45 ரூபாயில் செய்கிறது. ஆகவே நம் பொம்மை விற்கிறது. வரி நீங்கினால் அயல்நாட்டுப் பொம்மை 40 ரூபாய்க்கே கிடைக்கும். வாங்குவோருக்கு ஐந்து ரூபாய் மிச்சம். களிமண் குழம்பை அச்சில் வார்ப்பவருக்கும், சூளையில் அடுக்குபவருக்கும், வண்ணம் தீட்டும் பெண்ணுக்கும் வேலை போய்விடலாம்.

கணக்கு இத்துடன் முடியவில்லை. பளபளப்புப் பூச்சும் நிறப்பொடியும் வெளிநாட்டிலிருந்து வருவதாகக் கொள்வோம். அவற்றுக்கும் வரி உண்டு. 45 ரூபாயில் அந்த வரியின் பங்கு இரண்டு ரூபாய் என்றால், வரி நீங்கியதும் நம் பொம்மையின் அடக்கம் 43 ஆகக் குறையும். இடைவெளி ஐந்திலிருந்து மூன்றாகிறது. சூளையில் எரிபொருளைச் சிக்கனப்படுத்தியோ, பிறர் செய்ய இயலாத நம் ஊர்க் கொலு பொம்மையின் வடிவழகால் கூடுதல் விலை பெற்றோ அந்த மூன்று ரூபாயைப் பட்டறை ஈடுசெய்யக்கூடும். ஆனால் அதற்கு அவகாசம் வேண்டும். வரி ஒரே நாளில் நீங்கினால் பட்டறை மூடப்படும். பத்து ஆண்டுகளில் சிறிது சிறிதாக நீங்கினால் பிழைத்துக்கொள்ளவும் கூடும். ஒரே பட்டறை, விற்பவர் என்ற முறையில் வரியை விரும்புகிறது. மூலப்பொருள் வாங்குபவர் என்ற முறையில் அதனை வெறுக்கிறது. நாட்டின் வாதமும் இதைப் போன்றதே.

கூட்டிலிருந்து விலகி நின்றதால் சீனப் பொருள் வருவது நின்றுவிட்டதா? இல்லை. 2018-19-ஆம் ஆண்டில் சீனாவுடன் நமது வணிகப் பற்றாக்குறை, அதாவது ஏற்றுமதியைக் காட்டிலும் இறக்குமதி மிகுந்த அளவு, ஏறத்தாழ 5,360 கோடி டாலர். 2024-25-ஆம் ஆண்டில் அது ஏறத்தாழ 9,920 கோடி டாலராக உயர்ந்தது. இதைக் காட்டி, "விலகியதால் என்ன பயன்?" என்கிறது ஒரு தரப்பு. "சேர்ந்திருந்தால் இன்னும் பெருகியிருக்குமே" என்கிறது மறுதரப்பு. இவ்விரண்டில் எதனையும் அந்த ஒரு புள்ளிவிவரத்தைக் கொண்டு மெய்ப்பிக்க இயலாது. ஏனெனில் நமக்குத் தெரிவது நடந்த கதை ஒன்று மட்டுமே. சேர்ந்திருந்தால் நடந்திருக்கக்கூடிய கதை நம் கண்ணுக்குத் தெரியாது. அறிஞர்கள் மாறுபடுவதற்கு முதற்காரணம் இதுவே என்று நான் கருதுகிறேன்.

இதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. தென்கிழக்காசிய நாடுகளுடனும் தென்கொரியாவுடனும் 2010-ஆம் ஆண்டிலும், ஜப்பானுடன் 2011-ஆம் ஆண்டிலும் இந்தியா செய்துகொண்ட ஒப்பந்தங்கள் நடைமுறைக்கு வந்தன. அவற்றுக்குப் பின் பற்றாக்குறை மிகுந்தது என்று 2017-இல் நிதி ஆயோக் வெளியிட்ட குறிப்பு ஒன்று எடுத்துக்காட்டியது. 2019-20-ஆம் ஆண்டின் பொருளாதார ஆய்வறிக்கையோ, வணிக ஒப்பந்தங்களால் உற்பத்திப் பொருள்களின் ஏற்றுமதி நூற்றுக்கு 13.4-உம் இறக்குமதி 12.7-உம் கூடின, ஆகவே மொத்தத்தில் நன்மையே என்றது. இரண்டும் அரசாங்கத்தைச் சார்ந்த அறிக்கைகள். முன்னது ஒப்பந்தத்துக்கு முன்னும் பின்னும் இருந்த நிலைகளை ஒப்பிட்டது. பின்னது, ஒப்பந்தம் இல்லாதிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று கணித்து அதனோடு ஒப்பிட்டது. அளவுகோல் வேறானதால் விடையும் வேறாயிற்று.

உள்ளே இருந்த நாடு வெளியேறிய கதையும் நமக்குப் பாடமாகும். பிரிட்டன் 2016 ஜூன் 23-ஆம் நாள் நடத்திய வாக்கெடுப்பில் நூற்றுக்கு 51.9 பேர் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக வேண்டும் என்றனர். 2020 ஜனவரி 31-ஆம் நாள் அது விலகியது. அவ்வாண்டின் இறுதியில் ஒன்றியத்தின் பொதுச் சந்தையையும் விட்டு நீங்கியது. விலக வாக்களித்தால் உடனே பொருளாதாரம் சுருங்கும் என்று அந்நாட்டு நிதித்துறை எச்சரித்திருந்தது. வாக்கெடுப்பை அடுத்து அவ்வாறு நேரவில்லை. விலகினால் வாரந்தோறும் 35 கோடி பவுன் கைக்கு வரும் என்று மறுதரப்பு விளம்பரம் செய்தது. அத்தொகை தவறான எண்ணத்தைத் தருவது என்று புள்ளிவிவர ஆணையம் கண்டித்தது. விலகாதிருந்தால் இருந்திருக்கக்கூடிய அளவைவிட நாட்டின் உற்பத்தித் திறன் நெடுங்காலத்தில் நூற்றுக்கு நான்கு குறையும் என்பது அங்குள்ள வரவுசெலவுப் பொறுப்பு அலுவலகத்தின் மதிப்பீடு. இடிபோல் ஒரே நாளில் விழும் நஷ்டம் இது அன்று. கரையான் அரிப்பதுபோல் மெல்ல நேர்வது. இந்தக் கணக்கையும் மறுப்போர் உள்ளனர்.

ஆகவே, இத்தகைய வாதத்தைக் கேட்கும் மாணவர்கள் மூன்று கேள்விகளை எழுப்புதல் நலம். லாபம் அல்லது நஷ்டம் என்பது எதனோடு ஒப்பிட்டுச் சொல்லப்படுகிறது? யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்? எத்தனை ஆண்டுக்கணக்கில்?

என் கருத்தையும் மறையாமல் சொல்லிவிடுகிறேன். அந்தப் பதினைந்து நாடுகளில் பன்னிரண்டோடு இந்தியாவுக்கு முன்பே ஒப்பந்தம் இருந்தது. புதிதாகத் திறக்கவிருந்த பெரிய வாயில் சீனாவினுடையதே. சீனப் பீங்கான் பாத்திரங்கள் நியாயமற்ற மலிவு விலையில் வந்து குவிகின்றன என்று கண்டு, 2018-இல் அவற்றின்மீது இந்தியா தனிவரி விதிக்கவும் நேர்ந்தது. இந்நிலையில் சிறு பட்டறைகளை எண்ணித் தயங்கியதில் நியாயம் உண்டு. ஆனால் வரி என்பது அவகாசத்தை மட்டுமே தரும், திறமையைத் தராது. அந்த அவகாசத்தில் விருத்தாசலத்துச் சூளைகளுக்குச் சிக்கனமான எரிபொருள் கிடைத்ததா, நல்ல அச்சுகளும் புதிய வடிவங்களும் வந்தனவா, பீங்கான் தொழில் கற்று வெளிவரும் இளைஞர்களுக்கு அவ்வூரிலேயே வேலை இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இவற்றுக்கு ஆம் என்ற விடை கிடைத்தால், அடுத்த ஒப்பந்தம் வரும்போது நம் பட்டறைக்காரர் அச்சமின்றி அதனை வரவேற்பார். இல்லை என்ற விடை கிடைத்தால், வாங்குவோர் ஒவ்வொரு பொம்மைக்கும் கூடுதலாகக் கொடுத்த ஐந்து ரூபாய்க்கு யார் கணக்குச் சொல்வது?